பச்சைத் தண்ணீர்

கொசுப்புழுவைக் கொல்லும் இலைச்சாற்றைக் கண்டுபிடித்ததிலிருந்து தங்கை வீட்டில் அவனுக்குக் 'கொசு மாமா' என்றே பெயர். ஆய்வகத்தில் கொன்ற சாறு தெருவிலும் கொல்லுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்காக ஒரு தெருவின் தண்ணீர்த் தொட்டிகளில் சாற்றையும், அடுத்த தெருவில் அதே நிறத்தில் வெறும் பச்சைத் தண்ணீரையும் ஊற்றினார்கள். எங்கே எது என்று மூச்சுவிடக் கூடாது. ஒப்பிட்டுக் காட்டாத மருந்தை எவன் நம்புவான்?

குலுக்கலில் தங்கையின் தெருவுக்குப் பச்சைத் தண்ணீர் விழுந்தது. வாயைத் திறந்தால் இத்தனை வருட உழைப்பும் பாழ்.

"மாமா, கொசுவெல்லாம் செத்துடுமா?" என்று தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான் தங்கை மகன்.

"ஒண்ணுகூட மிஞ்சாதுடா" என்று சொல்லிக்கொண்டே தன் கையாலேயே ஊற்றினான்.

மழை விட்டதும் ஊரெல்லாம் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன பையன் திரும்பி வரவில்லை.

துக்கம் விசாரிக்கப் போனவனின் கையைத் தங்கை பிடித்துக்கொண்டாள்.

"வெளியில எங்கேயோ கடிச்சிருக்குண்ணா. நம்ம தொட்டியில ஏது கொசு? நீ ஊத்தினதுலேருந்து நான் அதை மூடுறதுகூட இல்ல."

அவன் எழுந்து பின்கட்டுக்குப் போய்த் தொட்டியைப் பார்த்தான். திறந்து கிடந்த தண்ணீரில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

பின்னாலேயே வந்து நின்றாள் தங்கை. இடுப்பில் சின்னவள்.

"பையில இருந்தா இன்னும் கொஞ்சம் ஊத்திட்டுப் போண்ணா. இவளாவது பொழைச்சுக் கெடக்கட்டும்."