ஐந்தாவது விமானம்

விமானப்படை அருங்காட்சியகத்தில் பதிவேடுகளைச் சரிபார்க்கும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. ‘கழித்தல்’ என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். போர் நடந்த வசந்தத்தில் நீர்த்தேக்கத்துக்கு மேலே நடந்த வான்சண்டையில் முப்பத்தொரு எதிரி விமானங்களை வீழ்த்தியதாக நம் விமானிகள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். போருக்குப் பிறகு எதிரிப் படை தன் பதிவேடுகளைத் திறந்துவிட்டபோது, இழந்தவை பதினொன்றுதான் என்று தெரிந்தது. இரண்டையும் ஒப்பிட்டு முப்பத்தொன்றைப் பதினொன்றாக்கிய பாவம் இவன் தலையில் விழுந்தது.

விமானிகள் பொய் சொன்னார்கள் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரே விமானத்தை மூன்று பேர் மூன்று திசையிலிருந்து சுடுவார்கள். அது புகையோடு மேகத்துக்குள் போகும். மூன்று பேரும் இறங்கி வந்து ‘என்னுது விழுந்துச்சு’ என்பார்கள். மூன்று பேர் சொன்னதும் உண்மை, விழுந்தது ஒன்று. சில சமயம் அதுவும் விழுந்திருக்காது. இன்ஜினை ஒரேயடியாக முடுக்கினாலும் கரும்புகை வரும். அந்தப் புகையோடு எதிரி விமானி வீடு போய்ச் சேர்ந்திருப்பான். இதைத்தான் அவன் பல வருடங்களாக, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கிக்கொண்டிருந்தான்.

இப்போது புது மண்டபம் திறக்கப்போகிறார்கள். ஐந்தோ அதற்கு மேலோ வீழ்த்தியவர்களின் பெயர்களைச் சுவரில் செதுக்குவது என்று முடிவு. படையின் பழைய பட்டியல்படி தேறியவர்கள் மூன்று பேர். மூன்றாமவர் சரியாக ஐந்து. அவர் இவனுடைய மாமனார். இவன் வீட்டில்தான் இருக்கிறார்.

வில்லங்கம் அந்த ஐந்தாவதில் இருந்தது. அது விழுந்ததாகச் சொன்ன அன்றைக்கு எதிரி நீர்த்தேக்கத்தின் மேலே இழந்தது ஒரே ஒரு விமானம். அதற்கு உரிமை கேட்டு இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ‘ஒல்லி’ என்று படையில் கூப்பிடப்பட்ட ஒரு பையன் மூன்று மணிக்குச் சுட்டதாக எழுதியிருந்தான். மாமனார் நான்கு மணிக்குச் சுட்டதாக எழுதியிருந்தார். எதிரியின் பதிவேட்டில் விமானம் போனது நான்கு மணிக்கு. ஆகவே அது மாமனார் கணக்கில் ஏறியது. எதிர்த்துப் பேச ஒல்லி அப்போது உயிரோடு இல்லை.

முன்பு இரண்டு பதிவேட்டையும் பொருத்திப் பார்த்த அதிகாரி செய்யாத ஒன்றை இவன் செய்தான். எதிரியின் நாட்குறிப்பில் சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்று பார்த்தான். நம் நாட்குறிப்பில் இருப்பதைவிட ஒரு மணி நேரம் தாமதமாக மறைந்தது. இரண்டு படைக்கும் ஒரே சூரியன்தான். அவர்கள் வசந்தம் வந்ததும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிடுவார்கள், நாம் தள்ளுவதில்லை. அவர்களுடைய நான்கு மணி நமக்கு மூன்று மணி. விமானம் ஒல்லியுடையது.

காப்பாட்சியர் மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஒரு மணி நேரத்துக்காக ஒரு மனுஷனோட பேரை எடுக்கச் சொல்றீங்களா?”

“ஒரு விமானத்துக்காக மேடம்.”

“மூணு பேர் இருந்தாத்தான் அது சுவர். ரெண்டு பேர் இருந்தா வாசல்ல நிக்கிற காவக்காரங்க மாதிரி இருக்கும். அந்த ஒல்லிக்குன்னு கேக்க யாராவது வந்தாங்களா?”

“வரல. வரவும் மாட்டாங்க. குடும்பமே இல்ல.”

“அப்புறம் யாருக்காகய்யா இந்தக் கழித்தல்?” அவர் குரலைத் தணித்துக்கொண்டார். “தப்பா நினைக்காதீங்க. மாமனாரோட ஏதாவது மனஸ்தாபமா?”

முப்பத்தொன்றில் இருபதைக் கழித்தபோது இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

“கல் செதுக்குறவர் நாளைக்கு வரார். ஒப்புதல் தாள்ல நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் மூணாவது பேர். யோசிச்சு வாங்க,” என்றார் மேடம்.

வீட்டில் மாமனார் திறப்பு விழாவுக்குத் தைத்த புதுக் கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி முழங்காலிட்டு ஓரத்துக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். அவன் அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான்.

“போன மாசம் அப்பா உங்கள சோம்பேறின்னு சொன்னாரே, அதுக்கா?”

“அடிப் பாவி, கடிகாரம்டி! அவங்க கடிகாரம்!”

“கடிகாரமாம் கடிகாரம். தூக்கம் வராம உக்காந்து எவனோ செத்தவனுக்கு வக்காலத்து வாங்குறீங்க. உயிரோட இருக்கிறவரு கூடத்துல நிக்கிறாரு. ஒரு கையெழுத்து. போட்டுத் தொலைஞ்சா கையா ஒடிஞ்சிடும்?”

“மாப்ளே, உள்ள என்ன ரகசியம்? எனக்குக் காது நல்லாவே கேக்குது,” என்றார் மாமனார் கூடத்திலிருந்து.

மறைத்துப் பயனில்லை. அவன் வந்து எதிரே உட்கார்ந்தான். கடிகாரத்தையும் சூரியனையும் சொன்னான். மாமனார் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் கையை விசிறினார்.

“கடிகாரத்தை விடுங்க. அது விழுந்ததை என் கண்ணால பாத்தேன்.”

“என்ன மாமா பாத்தீங்க?”

“புகை.”

“அப்புறம்?”

“மேகம். உள்ள போயிட்டான். நான் மேகத்தைச் சுத்தி கீழ இறங்கினேன். தண்ணில எண்ணெய் மிதக்குது. முழுகிட்டான்னு அர்த்தம். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

இந்தக் கதையை அவன் நூறு தடவை கேட்டிருப்பான். எண்ணெய் எப்போதும் கதையின் கடைசி வரி. அதோடு எல்லாரும் தலையாட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரு கேள்வி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தோன்றியது.

“எவ்வளவு எண்ணெய் மாமா?”

“எவ்வளவா? பாதி ஏரிக்குப் பரவியிருந்துச்சு! அணைச் சுவர் வரைக்கும் பளபளன்னு...”

மாமனாரின் கை அந்தரத்தில் நின்றது. மேகத்தைச் சுற்றி இறங்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். இரண்டு நிமிடத்தில் எண்ணெய் பாதி ஏரிக்குப் பரவாது. அதற்கு ஒரு மணி நேரமாவது வேண்டும், அப்படியென்றால் விமானம் மூன்று மணிக்கே விழுந்திருக்கிறது. அவன் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவர் விமானி.

மனைவி ஊசிப் பெட்டியைப் படாரென்று மூடினாள்.

மாமனார் கையை இறக்கிவிட்டுக் கேட்டார். “மிச்ச நாலும் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“எப்போ?”

“கல்யாணமான வருஷமே.”

“நிக்குதா?”

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று கண்ணை உருட்டினாள். வேறொருவனாக இருந்தால் அங்கே நிறுத்தியிருப்பான்.

“ரெண்டு நிக்குது. ரெண்டு நிக்கல. யாரும் கேக்கல, நானும் சொல்லல.”

“அப்போ இத்தன வருஷமா, இந்த நாற்காலில உக்காந்து, நான் சொல்லச் சொல்ல ‘அப்புறம் மாமா, அப்புறம் மாமா’ன்னு கேட்டீங்களே... எல்லாம் தெரிஞ்சேதானா?”

“ஆமா.”

“என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டிருக்கீங்க!” கிழவரின் கழுத்து நரம்பு புடைத்தது. “விமானம் போனா போகுது. எனக்குப் பரிதாபமா? நாளைக்குப் பொய்க் கையெழுத்துப் போட்டீங்க, இந்த வீட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்.” கோட்டைக் கழற்றினார். ஊசி ஒன்று கையில் குத்தியது. மகளைத் திட்டிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“உங்களுக்கு வாயை மூடவே தெரியாதா?” என்றாள் மனைவி.

“இத்தன வருஷம் மூடிக்கிட்டுத்தானே இருந்தேன்?”

“அதையாவது உருப்படியா முடிச்சிருக்கலாம்ல!”

மறுநாள் அவன் ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போடவில்லை. ஒல்லியின் கோப்பில் ஒரு வரி சேர்த்தான். அந்த வரியால் ஒல்லிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்று வீழ்த்தியவனுக்குச் சுவரில் இடம் கிடையாது. கல் செதுக்குபவர் இரண்டு பெயருக்கு அளவெடுத்தார். மேடம் அவனோடு அன்று முழுக்கப் பேசவில்லை. அதில் ஒரு நிம்மதியும் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மாமனார் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. அவன் கை கழுவிவிட்டு எதிரே உட்கார்ந்தான். இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் சாப்பிட்டார்கள்.

“நிக்காத ரெண்டு எது எது?”

“ரெண்டாவதும் நாலாவதும்.”

“ரெண்டாவதா?” மாமனார் தட்டைத் தள்ளினார். “இங்க பாருங்க மாப்ளே, அஞ்சாவதை எடுத்துக்குங்க, நாலாவதையும் எடுத்துக்குங்க. ரெண்டாவது சத்தியமா விழுந்துச்சு! இறக்கையே பிஞ்சு போச்சு!”

“அன்னைக்கு அவங்க ஒண்ணும் இழக்கல மாமா.”

“இழந்ததை எழுதாம விட்டிருப்பான்!”

“எழுதாம எப்படி விடுவான்? ஒரு விமானம் மாமா, ஸ்பூன் இல்ல!”

“நீங்க கண்டீங்களா? நீங்க அங்க இருந்தீங்களா?”

மனைவி இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். யாரும் சாப்பிட்டு முடித்திருக்கவில்லை.