மெரின் ஒட்டிய வண்டுகள்

பசை விஷயத்தில் மெரின் பைபஸிடம் வாயைக் கொடுத்துத் தப்பியவர்கள் மியீனா ஏரியின் மீன்பிடிக் கிளப்பில் கிடையாது. கோடையில் யூகலிப்டஸ் மரத்து வண்டுகள் காற்றில் வந்து ஏரியில் விழும், டிரவுட் மீன்கள் மேலே வந்து விழுங்கும். அந்த வண்டைப் போல ஃபோமை வெட்டி, தூண்டில் முள்ளில் நூலால் கட்டி மீனை ஏமாற்றுவதுதான் அங்கே எல்லோருக்கும் பிழைப்புக்கு அடுத்த வேலை. சண்டையெல்லாம் எதை வைத்து ஒட்டுவது என்பதில்தான்.

சூப்பர் குளூ பட்டால் ஃபோம் அப்பளமாய் நொறுங்கிவிடும், செருப்புக்கு ஒட்டுகிற ரப்பர் பசைதான் வளைந்து கொடுக்கும் என்பது மெரினின் கட்சி. அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை அவள் யாரையும் பேசவிட்டதில்லை.

போன குளிர்காலக் கூட்டத்தில் கிளப்பில் இன்னொருவனான டட்லி பேசிப் பார்த்தான். முதலில் முள்ளின் தண்டில் நூலைச் சுற்றி, அதன்மேல் ஒரே ஒரு சொட்டு சூப்பர் குளூ வைத்துவிட்டு ஃபோமைக் கட்டினால் அது முள்ளில் சுழலாது என்றான்.

"டட்லி, நீ வண்டு கட்டுறியா, உடைஞ்ச கோப்பைய ஒட்டுறியா?" என்றாள் மெரின். கூட்டம் சிரித்தது. அவன் காது சிவக்க உட்கார்ந்துவிட்டான்.

இந்த வருட மீன்பிடிப் போட்டிக்கு மெரின் இரண்டடுக்கு ஃபோமில் கொழுத்த வண்டுகளாகச் செய்து, தன் படகுக் கூட்டாளி ராஸ் ஹலமிடம் ஒரு பெட்டி கொடுத்தாள். அவனுக்கு ஆறு மாதம் முன்பு லேசாகப் பக்கவாதம் வந்திருந்தது. வலது கைக்குப் பலம் திரும்பிவிட்டது என்றார் டாக்டர். ராஸுக்குத்தான் நம்பிக்கை திரும்பவில்லை.

சனிக்கிழமை போட்டியில் மெரின் துடுப்புப் போட்டாள், ராஸ் தூண்டில் வீசினான். மூன்று டிரவுட் வண்டைக் கவ்வின. மூன்றும் நழுவின. ஒரே ஒரு மீன் வித்தியாசத்தில் தோற்றார்கள். ஒவ்வொரு முறையும் ராஸ் வண்டைப் பார்க்கவில்லை, தன் கையைத்தான் பார்த்தான். மெரினும் அந்தக் கையைத்தான் பார்த்தாள்.

"கை போயிடுச்சு மெரின். மீன் சரியாத்தான் எடுக்குது, நான்தான் லேட்டா இழுக்கறேன். என் எடத்த டட்லிக்குக் குடுத்துடறேன்" என்றான், கரையில்.

வீட்டுக்கு வந்து வண்டுகளைக் காயவைக்கும்போது ஒன்று அவள் விரலில் சுழன்றது. மீதியை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டுத் திருகிப் பார்த்தாள். எல்லாமே சுழன்றன. ஃபோம் தண்டைச் சுற்றித் திரும்பி, முள்ளின் வாயை அடைத்துக்கொண்டு நின்றது. பிறகு எந்த மீனின் உதட்டில் குத்தும்?

அப்போது அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது ராஸின் கை அல்ல, டட்லியின் முகம். அதை நினைத்தபோது வெட்கம் இரண்டு மடங்காயிற்று. இருந்தும் வாயைத் திறக்கவில்லை. திங்களன்று ராஸ் ஃபோன் செய்து, தன் தூண்டில் கழி யாருக்காவது வேண்டுமா என்று விசாரித்தான். பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை கூட்டத்தில் ராஸ் விலகப்போவதைச் சொல்ல எழுந்தான். மெரினும் எழுந்தாள். பையிலிருந்து ஒரு வண்டை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி விரலால் சுழற்றினாள்.

"உன் கையில ஒண்ணும் இல்ல ராஸ். தப்பு என் ஒட்டுலதான். டட்லி சொன்ன அந்தச் சொட்ட நான் வெக்கல."

யாராவது சிரித்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. டட்லிகூடச் சிரிக்கவில்லை, டீக்கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராஸ் வண்டை வாங்கினான். வலது கைக் கட்டைவிரலால் ஒருமுறை சுழற்றினான். மறுபடி சுழற்றினான்.

"அப்ப என் கை நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கு."

அவன் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமலே கேட்டான்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"சனிக்கிழமையே."

"நான் திங்கக்கிழமை ஃபோன் பண்ணினேனே, மெரின்."