புன்னக்காயலுக்கு வந்த சிரிப்புகள்

ஜாய்சி போட்ட வீடியோவைப் பார்த்து உலகத்தில் யார் எங்கே சிரித்தாலும், அந்தச் சிரிப்பு கால் மணி நேரம் கழித்துப் புன்னக்காயலில் அவள் வீட்டுக் குசினிக்கு வந்து சேர்ந்தது. முதல் சிரிப்பு வந்தது 2023 செப்டம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அவள் அம்மா ஞானசௌந்தரி மீன் அலசிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஓர் ஆண் குரல் விழுந்து விழுந்து சிரித்தது, திரும்பினால் ஆளில்லை. மறுநாள் ஒன்பது வந்தன. மாதக் கடைசிக்குள் எது எந்த ஊர்ச் சிரிப்பு என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. தோஹாவிலிருந்து வருவதில் ஏசி இரைச்சல் கலந்திருக்கும். நாகர்கோவில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மனசு சரியில்லாத அக்கம்பக்கத்தார் வந்து, குசினியில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

ஜாய்சி இயற்பியல் பட்டம் வாங்கியவள். அவளை ஆசிரியை ஆக்க வேண்டும் என்று இருந்தார் அப்பா கபிரியேல். தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்குத் தோணி ஓட்டுகிறவர். அவளோ பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் இணையத்துக்கு வீடியோ எடுக்கக் கற்றுத்தரும் இரண்டு வருட முதுகலையில் சேர்ந்தாள். முதல் பருவத்தில் துறைத்தலைவி அனுராதா, "தெரிஞ்ச இடத்த எடுங்க" என்றார். மற்றவர்கள் அல்வாக் கடைக்கும் தேரடிக்கும் போனார்கள். ஜாய்சி மீன் ஏலக் கூடத்தைப் படம்பிடித்து, அங்கே கிடந்த மீன்களுக்குத் தானே குரல் கொடுத்தாள். "நெய்மீனுக்கு மட்டும் ஐஸ் பெட்டி, எங்களுக்குத் தரையா?" என்று சாளைகள் சண்டை போட்டன. நெத்திலிகள் சங்கம் வைத்தன. கபிரியேல் ஒரே ஒரு தடவை கேட்டார்: "மீனப் பேச வைக்கதுக்கு ரெண்டு வருசம் படிப்பாட்டி?" அதோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். மே முதல் ஆகஸ்ட் வரை, தோணி ஓடாத காற்று மாதங்களில் வீட்டில் இருந்தபோதும் உப்பு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துத்தான் கேட்டார். குசினியில் முப்பது பேர் ஒன்றாகச் சிரித்தாலும் காற்று பலமாக இருக்கிறது என்பார்.

2025 ஏப்ரலில், இறுதித் தேர்வுக்குப் பத்து நாள் இருக்கையில், யாரோ அவள் கணக்கைத் திருடி அத்தனை வீடியோவையும் அழித்துவிட்டார்கள். பார்த்தவர் எண்ணிக்கை, கருத்துகள், எதுவும் மிஞ்சவில்லை. செய்த படைப்பை மக்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்குச் சான்று காட்டாவிட்டால் தேர்ச்சி கிடையாது. இன்னொரு வருடம் படிக்க வேண்டும். அப்பா சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஞானசௌந்தரி, "கணக்குப் போச்சுன்னு அழுவுத. சிரிப்பு இன்னும் வந்துக்கிட்டுத்தானட்டி இருக்கு?" என்றாள். உண்மைதான். அழிப்பதற்கு முன்பே ஜனங்கள் வீடியோக்களை இறக்கி வாட்ஸப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பியிருந்தார்கள். குசினியில் ஒரு சிரிப்புகூடக் குறையவில்லை. ஜாய்சி இரண்டு பேருந்து மாறிக் கல்லூரிக்குப் போய், "சான்று வீட்ல இருக்கு மேடம், கொண்டுவர முடியாது" என்று அனுராதாவிடம் சொன்னாள். தேர்வாளர்கள் வீட்டுக்கே போய்ச் சான்றைப் பார்க்க விதிமுறையில் தடையில்லை.

அப்படித்தான் அனுராதாவும், மதுரையிலிருந்து வந்த வெளித்தேர்வாளர் தாணுமாலையனும், கல்லூரி வேனில் புன்னக்காயல் வந்து குசினியில் நாற்காலி போட்டு அமர்ந்தார்கள். பத்தரைக்குத் தொடங்கியது. தாணுமாலையன் ஒவ்வொரு சிரிப்புக்கும் தாளில் ஒரு கோடு போட்டார். ஐம்பதுக்கு மேல் கோடு போட முடியவில்லை; அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பதினொன்றே காலுக்கு ஒரு சிரிப்பு தனியாக வந்தது. முதலில் மூக்கால் ஒரு செருமல், பிறகு கயிறு இழுக்கிற மாதிரி மூன்று நீளமான இழுப்பு, முடிவில் இருமல். ஞானசௌந்தரி அகப்பையைக் கீழே போட்டாள்.

"ஏட்டி, இது ஒங்கப்பால்லா!"

தோணி அன்று மாலே துறைமுகத்தில் நின்றது. சிரிப்பு அடங்கி, மறுபடி தொடங்கி அடங்கி, அதே மாதிரி மூன்றாம் முறையும் தொடங்கியது. ஒரே வீடியோவை மூன்று முறை பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. ஜாய்சி கதவுத் திரைக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள். மதிப்பெண் பயத்தில் அழுகிறாள் என்று நினைத்த தாணுமாலையன், "அழாதம்மா, நல்ல மார்க்குத்தான் போட்டிருக்கேன்" என்று தாளையே திருப்பிக் காட்டினார்.

மே மாதம் கபிரியேல் வீடு வந்தார். பையை இறக்கி வைத்தார், கால் கழுவினார், மகள் எதிரில் வந்து உட்கார்ந்தார். "நெய்மீனு அப்படிப் பேசாது" என்றார். கிட்டத்தட்ட இரண்டு வருடத்தில் அவளிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

"பெறகு எப்படிப் பேசும்?"

பேசிக் காட்டினார். ஜாய்சி மைக்கை எடுத்து வரும்வரை நிறுத்தாமல் பேசினார். அந்தக் காற்று மாதங்களில் நெய்மீனும் சுறாவும் அவர் குரலிலேயே பேசின. புதிய கணக்கில் போட்டார்கள். ஜூலையில் அவளுக்குப் பட்டம் வந்தது. ஆகஸ்டில் தூத்துக்குடிப் படகு உரிமையாளர்கள் தங்கள் வீடியோ வேலையை அவளிடம் கொடுத்தார்கள்.

செப்டம்பரில் தோணி கிளம்பும் அன்று கபிரியேல் வாசலில் நின்று, "வியாழக்கெழம மாலேல இருப்போம். அன்னைக்குப் பாத்து வீடியோவப் போடு" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்குச் செருமல் கேட்டது, பிறகு மூன்று இழுப்பு, பிறகு இருமல். "வந்துட்டியளா?" என்று கேட்டுவிட்டு, ஞானசௌந்தரி உலையில் அரிசி போட்டாள்.