அண்ணியை அழவைக்காமல் எழுதுவது

1.

அண்ணியின் மூக்குக்கண்ணாடிக் கடையில்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. ஒரு பிரேமின் திருகை முறுக்கிக்கொண்டே, "உன் கதையில எல்லாரும் வர்றாங்க, நான் மட்டும் வரல" என்றார். போலீஸ் விஷயத்தை எழுதட்டுமா என்று கேட்டேன்.

"எழுது. ஆனா என்னை அழவைக்காத. நான் அழல."

2.

முதல் தொடக்கம்: "இருண்ட அறையில் அவள் விசும்பினாள்..." (அடித்துவிட்டேன். அறையில் நல்ல வெளிச்சம், பெரிய ஜன்னல்.)

இரண்டாவது: "சீருடைக்குள் ஒளிந்திருந்த மிருகம்..." (வேண்டாம். மிருகத்தை யாரும் விசாரிப்பதில்லை.)

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். கடைப் பூட்டை உடைத்து யாரோ பிரேம்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். புகார் கொடுத்த அண்ணியை, வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று நிலையத்துக்கு வரச்சொன்னார் இன்ஸ்பெக்டர். அறைக்கதவைச் சாத்தினார். [இங்கே மரியாதைக்குரிய 'ஆர்' விகுதியை எடுத்துவிடுகிறேன். இலக்கணம் பொறுத்துக்கொள்ளும்.] சாத்தினான். அண்ணியின் இடுப்பில் கை வைத்தான். "கொஞ்சம் அனுசரிச்சுப் போனா திருடன் சீக்கிரம் கிடைப்பான்."

அண்ணி கையைத் தட்டிவிட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டார். வீட்டில் சொன்னதும் அண்ணன் எழுந்து செருப்பைத் தேடினார்.

"உட்காருங்க. நீங்க போய் அடிச்சா உங்களைத்தான் உள்ள வைப்பாங்க. அவன் மேல புகார் கொடுப்போம்" என்றார் அண்ணி.

3.

புகாரை வாங்கிய அவனுடைய மேலதிகாரி தன்மையாகத்தான் பேசினார். "நல்ல மனுஷன்மா. நீங்க தப்பாப் புரிஞ்சிருப்பீங்க."

"கை இடுப்புல இருந்துச்சு சார். இதுல புரியாமப் போக என்ன இருக்கு?"

புகார் கிடப்பில் போனது. (இந்த இடத்தில் ஒரு வீர வழக்கறிஞரை நுழைக்கப் பார்த்தேன். அப்படி ஒருவரும் வரவில்லை.)

வந்தது, அந்த அறைக்கு வெளியே மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண் காவலர். ஒரு மதியம் கண் சோதனைக்கென்று கடைக்கு வந்தார். பலகையில் இருந்த எழுத்துகளைப் பாதி படித்துவிட்டு நிறுத்தினார்.

"அக்கா, அன்னிக்கு நீங்க வெளிய வந்ததைப் பார்த்தேன். எனக்கும் அவன் அப்படித்தான் பண்ணான். நான் சாட்சி சொல்றேன்."

"வேலை போயிடுமேம்மா."

"பயமாத்தான் இருக்கு. ஆனா தினமும் அவனுக்கு சல்யூட் அடிக்கிறது அதைவிடக் கஷ்டமா இருக்கு."

இருவரும் சேர்ந்து மேலிடத்துக்கு மறுபடி புகார் அனுப்பினார்கள்; அங்கே அமைத்த விசாரணைக் குழுவின் முன் உட்கார்ந்து சொன்னார்கள். அதன்பிறகு இன்னும் சிலர் வந்து சொன்னார்கள். அவன் வேலை போனது. நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. புகாரை அமுக்கிய மேலதிகாரிக்குப் பதவி இறக்கம். பெண் காவலரின் வேலை போகவில்லை.

4.

முடிவாக, திருடன் பிடிபடுவதுபோல ஒன்று எழுதினேன். (அவன் இன்றுவரை கிடைக்கவில்லை.) அண்ணி தலைநிமிர்ந்து அந்த நிலையத்தைக் கடந்துபோவதாக இன்னொன்று. "அந்தப் பக்கம் எனக்கு என்ன வேலை? பஸ் இந்தப் பக்கம்தானே நிக்குது" என்றார்.

உண்மையில் கதை முடியவில்லை. அந்த இன்ஸ்பெக்டர் மேல்முறையீடு செய்திருக்கிறான்.

"பயமில்லையா அண்ணி?"

"திரும்பக் கூப்பிட்டா திரும்பப் போய்ச் சொல்வேன். இப்பல்லாம் நல்லாத் தூங்கறேன். அதை எழுதினியா?"

எழுதிவிட்டேன். அண்ணி கடையை அடைக்கிறார். பெண் காவலர் பூப்போட்ட சட்டையில் வந்து வாசலில் நிற்கிறார். மூன்று பேரும் சினிமாவுக்குப் போகிறோம். மேல்முறையீட்டில் என்ன தீர்ப்பு வரவேண்டும் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு நேரமாகிறது, படம் போட்டுவிடுவார்கள்.