கழன்று வந்த தரைகள்

கார் மெக்கானிக் ஷௌக்கத் ஒட்டிய கார்த்தரைகள் கழன்றபோது சாலையில் கிடக்கவில்லை. அவரைத் தேடி வந்தன. முதலாவது தமன்ஹூர் என்ற ஊரிலிருந்து, நெடுஞ்சாலை ஓரமாக, மண்ணுக்கு ஒரு முழம் மேலே மிதந்து வந்து பட்டறை வாசலில் நின்றது. தக்காளி விலை ஏறியிருந்த வாரம் அது. எங்கள் அலெக்சாந்திரியா நகரமே தக்காளியைப் பற்றித்தான் பேசியது.

எங்களூர்க் கடற்காற்று கார்களை அடியிலிருந்து தின்னும். ஓட்டை விழுந்த தரைக்குத் துருத்தடுப்புப் பூச்சு அடித்து, காய்ந்ததும் உப்புத்தாளால் சொரசொரப்பாகத் தேய்த்து, பிறகுதான் கண்ணாடி நார்த் துணியை ரெசின் பசையில் நனைத்து மேலே ஒட்டவேண்டும். தேய்க்காவிட்டால் ரெசின் பிடிக்காது. ஷௌக்கத் தேய்ப்பதில்லை. இங்கே காரின் சொந்தக்காரர் வேலை முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து டீ குடிப்பார். பளபளக்கும் பூச்சில் மீசையைப் பார்த்துக்கொண்டு, "பாஷ்முஹந்திஸ், இது தரையா, முகம் பாக்குற கண்ணாடியா?" என்பார். பாஷ்முஹந்திஸ் என்றால் தலைமைப் பொறியாளர். ஸ்பானர் பிடித்தவனையெல்லாம் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஷௌக்கத் ஒருவர்தான் அதை நம்பினார். அப்படிப் புகழ்ந்தவர் கண்ணெதிரே பூச்சைக் கீற அவருக்கு மனம் வரவில்லை.

வருடங்கள் போயின. தரை கழன்றதற்கு ஷௌக்கத் கடல் ஈரம் என்றார், மட்டமான ரெசின் என்றார். ஒவ்வொரு சாக்குக்கும் இன்னொரு தரை வந்தது. அவர் காபிக்கடைக்குப் போவதை நிறுத்தினார். அவர் உள்ளே இருக்கும்வரை தரைகள் கடைக்கு வெளியே வரிசையில் நின்றன.

மகள் நெர்மினுக்குச் சம்பந்தம் பேசி, குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதி உறுதி செய்யும் நாள் வந்தது.

"அப்பா, இன்னிக்கு மட்டும் கூடத்துல நிக்கிற இந்தத் தரைங்கள மொட்டமாடிக்கு அனுப்புங்க."

"சொன்னா கேக்கவா போகுது? உங்கம்மா மாதிரி பிடிவாதம்."

மாப்பிள்ளையின் மாமா புர்ஹான் ஒற்றைச் செருப்போடு படியேறி வந்தார். "வழியில கார் தரை போயிடுச்சு. ஒரு காலு ரோட்ல ஓடுச்சு, மீதி நான் உள்ள உக்காந்து வந்தேன்."

யாரும் சிரிப்பதற்குள் பால்கனி வழியாக அந்தத் தரை உள்ளே வந்தது, மற்றச் செருப்பைச் சுமந்துகொண்டு. சொந்தக்காரரான புர்ஹானைத் தாண்டிப்போய் ஷௌக்கத்தின் நாற்காலிக்குப் பின்னால் நின்றது.

ஃபாத்திஹாவுக்காக நீட்டிய கையைப் புர்ஹான் இழுத்துக்கொண்டார். "ஏன் பாஷ்முஹந்திஸ், உங்க வீட்ல எதை எதோட சேத்து வச்சாலும் இப்படித்தான் கழண்டுக்குமா?"

ஷர்பத் தட்டோடு நெர்மின் கதவோரம் நின்றிருந்தாள்.

"கடல் காத்துங்க..." என்று ஷௌக்கத் ஆரம்பித்தார். மாடிப்படியில் இன்னொரு தரை உரசும் சத்தம் கேட்டது. அவர் அந்தச் சாக்கை அங்கேயே விட்டார்.

"தேய்க்கல," என்றார்.

"என்னது?"

"உப்புத்தாள் போடல. நீங்க அழகா இருக்குன்னீங்க. கீறினா அந்தப் பேச்சு போயிடும்னு அப்படியே ஒட்டினேன். எல்லாருக்கும் அப்படித்தான். புடிக்காதுன்னு தெரிஞ்சேதான்."

மகள் முன்னால், எந்தச் சாக்கும் சேர்க்காமல் சொன்னார்.

புர்ஹான் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். "நானும் அங்க உக்காந்து மீசையத்தானேய்யா பாத்துட்டிருந்தேன்," என்று முனகினார். பிறகு, "கையக் குடு."

ஃபாத்திஹா ஓதினார்கள். நெர்மின் எல்லோருக்கும் ஷர்பத் கொடுத்தாள். கடைசியாக அப்பாவுக்கு, முகத்தைப் பார்க்காமல். அவர் ஒப்புக்கொண்ட பிறகும் தரைகள் போகவில்லை. கூடத்தில் இடம் போதாததால் விருந்தாளிகள் நாற்காலிகளைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டார்கள்.