தடையேதுமில்லை

குருமடத்து மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'அடிக்குறிப்பு ஃபாதர்'. திருச்சபை வரலாறு நடத்துகிறவர். ஒரு வாக்கியம் சொன்னால் அதற்கு ஆதாரமாக மூன்று வாக்கியம் சொல்லாமல் விடமாட்டார். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பதைப் பற்றியெல்லாம் அவர் அலட்டிக்கொண்டதில்லை. அவரை வயிறெரிய வைக்கிற ஆள் உலகத்தில் ஒருவன்தான். அவனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, 'தூங்குமூஞ்சி'.

இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து இறையியல் படித்தவர்கள். இவர் விழுந்து விழுந்து குறிப்பெடுப்பார், பக்கத்தில் அவன் குறட்டை விடுவான். தேர்வு நெருங்கும்போது இவருடைய குறிப்புகளை இரவல் வாங்கிப் புரட்டுவான். எல்லாத் தேர்விலும் இவர்தான் முதல். ஆனால் மேற்படிப்புக்கு ஆயர் அனுப்பியது அவனை. "உனக்குத்தான் எல்லாம் தெரியுதே, நீ இங்கயே இருந்து பாடம் எடு" என்று ஆயர் இவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். தட்டிய இடம் இன்னும் வலிக்கிறது.

போனவன் முனைவரானான். ஏழு புத்தகம் எழுதினான். இறையியலையும் வரலாற்றையும் ஒரே கையில் பிடித்தவன் என்று பத்திரிகைகள் கொண்டாடின. நடுவில் ஒரு புத்தகம் பிடிக்காமல் போய், அவன் கொஞ்ச காலம் வகுப்பெடுக்கக்கூடாது என்று மேலிடம் வாயைக் கட்டியது. ஒழிந்தான் என்று இவர் நிம்மதியாகத் தூங்கினார். பாவி, அந்தத் தண்டனையாலேயே இன்னும் பெரிய ஆளானான்.

போதாக்குறைக்கு அக்கா. போன் செய்தாலே அந்தப் பேச்சுதான். "டிவில உன் கூட்டாளி பேசுனதப் பாத்தியா தம்பி? எவ்வளவு அழகா சொல்றாரு! நீ சொன்னா எனக்குக் கொட்டாவி வருது."

இந்த நிலைமையில்தான் அவனுடைய எட்டாவது புத்தகம் தட்டச்சுக் கட்டாக இவர் மேசைக்கு வந்தது. ஒரு குருவானவர் எழுதும் இறையியல் புத்தகத்தை அச்சுக்கு முன் ஆயர் நியமிக்கும் தணிக்கையாளர் படிக்க வேண்டும். விசுவாசத்துக்கோ ஒழுக்கத்துக்கோ விரோதமாக எதுவும் இல்லையென்றால் 'தடையேதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவ்வளவுதான் வேலை. மற்ற பிழைகளைத் தேடும் கடமை அவருக்கு இல்லை.

கதவைச் சாத்திக்கொண்டு, சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். எங்கேயாவது வழுக்கியிருப்பான் என்று வரிவரியாக மேய்ந்தார். விசுவாசத்தில் ஓட்டை இல்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் வேறொன்று அகப்பட்டது.

பழங்காலத்துப் பங்குக் கோயில் ஒன்றின் கதை அது. கோயிலில் பெண்கள் பாடக்கூடாது என்று பிப்ரவரியில் ஆயர் ஆணையிட்டார். அதை எதிர்த்து ஆகஸ்டில் பெண்கள் கோயிலைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டுக்கும் ஒரே ஆண்டைப் போட்டிருந்தான். அந்த மறைமாவட்டத்தில் அந்தக் காலத்தில் புத்தாண்டு மார்ச் இருபத்தைந்தாம் தேதி, மங்கள வார்த்தைத் திருநாளன்று பிறந்தது. அப்படியானால் அந்தப் பிப்ரவரி ஆண்டின் கடைசியில் வருவது. பூட்டு முதலில், ஆணை பிறகு. அத்தியாயமே தலைகீழ்!

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முதலாமாண்டுப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிற விஷயம். அச்சாகி வரட்டும், விமர்சகர்கள் நார் நாராகக் கிழிக்கட்டும். சிவப்புப் பென்சிலை இழுப்பறையில் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தார். தடையேதுமில்லை. இவ்வளவு சந்தோஷமாக அவர் யாருக்கும் கையெழுத்துப் போட்டதில்லை.

சில வாரம் கழித்துத் தூங்குமூஞ்சியே வந்து நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. நாற்காலியில் இருந்த புத்தகங்களைத் தரையில் இறக்கிவிட்டு உட்கார்ந்தான்.

"ஆயர்கிட்ட உன்னைத்தான் போடணும்னு நானேதான் கேட்டேன்டா. வேற எவனுக்கும் தேதி சரிபார்க்கத் தெரியாது. முன்னுரையிலயும் எழுதிட்டேன், இந்தப் புஸ்தகத்துல இருக்கிற எல்லாத் தேதிக்கும் நீதான் பொறுப்புன்னு. நாளைக்கு அச்சுக்குப் போகுது."

கிழிபடப்போவது இனி அவன் மட்டுமல்ல. மனசாட்சி உறுத்தித்தான் சொன்னார் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை அதுவல்ல, தன் பெயர் கெடுமே என்ற பயத்தில்தான் வாயைத் திறந்தார்.

"அஞ்சாம் அத்தியாயம்... அந்தப் பிப்ரவரி, அடுத்த வருஷத்துப் பிப்ரவரிடா. அங்க அப்ப மார்ச்சுலதான் வருஷம் பொறக்கும்."

அவன் முகம் வெளுத்தது.

"எப்பக் கவனிச்ச?"

"நேத்துதான்."

அவன் ஒரு நொடி இவர் கண்ணைப் பார்த்தான். பிறகு, "நல்லவேளை, சொன்ன" என்றான். அச்சகத்துக்கு அங்கிருந்தே போன் செய்து நிறுத்தச் சொல்லிவிட்டுப் புறப்பட்டான்.

திருத்திய அத்தியாயம் வர மாதங்களாயின. மாற்றியதை மறுபடி தணிக்கை செய்ய வேண்டும் என்பது விதி, ஆகவே இவரிடமே வந்தது. ஆண்டை மாற்றியிருப்பான், நாலு வரி ஒட்டுப்போட்டிருப்பான் என்று நினைத்துத்தான் பிரித்தார்.

முழுக்கப் புதிதாக எழுதியிருந்தான். ஆணையே வராதபோது பெண்கள் ஏன் கோயிலைப் பூட்டினார்கள்? அதைத் தேடிப் போயிருந்தான். ஞானஸ்நானம் பெறுமுன்பே ஓர் ஏழைப் பெண்ணின் குழந்தை செத்துப்போனது. அதைக் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கக்கூடாது என்றார் பங்குச் சாமியார். அன்று மாலை பாடற்குழுப் பெண்கள் கதவைப் பூட்டினார்கள். குழந்தையை அங்கே புதைத்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து, பாடக்கூடாது என்று ஆணையிட்டு, அவர்கள் ஒன்றுகூடுகிற ஒரே இடத்தை ஆயர் பறித்தார். ஒரு தடைக்குப் பின்னால் எத்தனை பயம் இருக்கிறது என்று அதிலிருந்து இறையியல் பேசியிருந்தான்.

படித்து முடித்தபோது இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தக் குழந்தைக்காகக் கொஞ்சம், தனக்காக நிறைய. தேதி தப்பென்று கண்டுபிடித்தவர் இவர். வாரக்கணக்கில் அதை நெஞ்சுக்குள் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தவரும் இவரே. 'அப்படியானால் அந்தப் பெண்கள் எதற்காகப் பூட்டினார்கள்?' என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை.

இத்தனை நாளும் அவனுக்கு வாய்த்தது அதிர்ஷ்டம், ஆயரின் ஓரவஞ்சனை, டிவி என்று பொறாமைக்கு ஏதோ ஒரு சாக்கு இருந்தது. இப்போது ஒன்றுமில்லை. பொறாமை மட்டும் அப்படியே இருந்தது.

பேனாவை எடுத்தார். தடையேதுமில்லை என்று எழுத அவருக்கு வெகுநேரம் பிடித்தது.