கரடி வாரத்தின் ஐந்தாவது கட்டம்

1

ஒரு படிவத்தின் மேல் வந்த கோபத்தில்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதுவது நல்ல கதையாக வராது என்று [யார் சொன்னது? நினைவில்லை. இந்த வாக்கியத்தை விட்டுவிடலாம்].

படிவம் ஒரு பக்கம்தான். அந்த மழலையர் பள்ளியில் வாரத்துக்கு ஓர் எழுத்து. எழுத்துக்கு ஒரு படிவம். அதில் ஆறு கட்டங்கள்: எழுத்து, படம், கைவேலை, நேரில் காணல், குழந்தைகள் கவனித்தவை, மதிப்பீட்டுக் கேள்விகள். ஆறையும் முந்தைய வெள்ளிக்கிழமையே நிரப்பி, கையெழுத்துப் போட்டு, ஒருங்கிணைப்பாளர் மேசையில் வைத்துவிட வேண்டும்.

ஐந்தாவது கட்டத்தை இன்னொரு தடவை படியுங்கள். குழந்தைகள் கவனித்தவை. குழந்தைகள் மிருகக்காட்சிசாலைக்குப் போவது அடுத்த புதன்கிழமை. அவர்கள் அங்கே என்ன பார்த்தார்கள் என்பதை ஐந்து நாள் முன்னாலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

படித்தும் உங்களுக்குக் கோபம் வரவில்லை என்றால் நான் சரியாகச் சொல்லவில்லை. மறுபடி தொடங்குகிறேன்.

2

முதல் தொடக்கம்: "கூண்டுக்குள் கரடி ஆடிக்கொண்டிருந்தது." பார்வைக்கு அழகான வாக்கியம். ஆனால் பொய். கரடி ஆடவில்லை. இந்தக் கதையில் நடக்கும் சண்டையே அதுதான்.

இரண்டாவது தொடக்கம்: "விலங்கியலில் பட்டம் வாங்கியும், கறுப்பு நூலைத் துண்டு துண்டாக வெட்டும் வேலைதான் அவளுக்குக் கிடைத்தது." இதில் ஒரு மூக்குறிஞ்சல் கேட்கிறது. அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பெரியவர்கள் முன்னால் ஒட்டிக்கொள்ளும் நாக்கு, நாலு வயதுப் பிள்ளைகள் முன்னால் தாராளமாகப் புரண்டது. பட்டத்தை இங்கிருந்து எடுத்துவிடுகிறேன். தேவைப்படும்போது வரும்.

மூன்றாவது தொடக்கம்: "ஒன்பது வரவே மாட்டேங்குது மிஸ்." இதுதான் சரியான தொடக்கம். ஆனால் இங்கே வைத்தால் தலையும் புரியாது, வாலும் புரியாது. நான்காம் பகுதி வரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

3

வெள்ளிக்கிழமை மதியம். பிள்ளைகள் வீட்டுக்குப் போயாயிற்று. டீச்சர், முழங்கால் உயரமே உள்ள பிள்ளைகள் நாற்காலியில் உட்கார்ந்து, கறுப்புக் கம்பளி நூலை விரல்நீளத்துக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். [அவளுக்குப் பெயர் வைக்கவில்லை. பிள்ளைகளுக்கு மிஸ், ஆயாவுக்கு டீச்சர். அவளுக்கு அது போதும்.] பதினெட்டுப் பிள்ளைகள், பதினெட்டு அட்டைக் கரடிகள், ஒரு கரடிக்கு நாற்பது துண்டு.

வரும் வாரம் 'க' வாரம். திங்களன்று மணல் தட்டில் விரலால் எழுத்து. செவ்வாய், அட்டைக் கரடிக்கு முடி ஒட்டுதல். புதன், மிருகக்காட்சிசாலை. வியாழன், கரடி ஆட்டம். அதைப் படம் பிடித்துப் பெற்றோருக்கு அனுப்ப வேண்டும். வெள்ளி, மதிப்பீடு. இவற்றோடு, கரடியின் நகத்தை உண்மையான அளவில் அட்டையில் வெட்டி, பிள்ளைகள் தங்கள் விரலோடு வைத்துப் பார்க்க ஏற்பாடு செய்திருந்தாள். திட்டத்திலேயே அவளுக்குப் பிடித்த பகுதி அது. படிவத்தின் எந்தக் கட்டத்திலும் அதற்கு இடமில்லை.

ஐந்தாவது கட்டத்தில் பேனா நின்றது. பெருக்கிக்கொண்டிருந்த ஆயா எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா டீச்சர் இவ்வளவு யோசனை? போன வருஷத்து பைலைப் பாத்து எழுதுங்க. கரடி என்ன, வருஷத்துக்கு ஒரு புது வேலையா செய்யப்போகுது?"

போன வருடப் படிவத்தில் "கரடி மகிழ்ச்சியாக ஆடியது" என்றிருந்தது. அதற்கு முந்தைய வருடத்திலும் அதேதான். கையெழுத்துகள்தான் வேறு வேறு.

இந்த இடத்தில், "ஒருங்கிணைப்பாளர் அப்படியே எழுதச் சொல்லிவிட்டார்" என்று முதலில் எழுதியிருந்தேன். எனக்கு வசதியாக இருந்தது. அடித்துவிட்டேன். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. மணி மூன்று, பசி, பார்த்து எழுதினாள். மதிப்பீட்டுக் கட்டத்தில் மூன்றாவது கேள்வியையும் அதற்கேற்றபடி எழுதினாள்: கரடி என்ன செய்தது? விடை: ஆடியது.

கீழே கையெழுத்தும் போட்டாள்.

4

வகுப்பில் ஒரு பெண் குழந்தைக்கு வக்கீல் என்று பெயர். வைத்தது ஆயா. செருப்பைக் கழற்று என்றால் எதற்கு என்பாள். காரணம் சொன்னால், அப்படியென்றால் ஆயா ஏன் கழற்றவில்லை என்பாள். "வக்கீலம்மா வந்தாச்சு, இனி நம்ம வாய் எடுபடாது" என்று ஆயா தினமும் காலையில் கதவைத் திறந்துவிடுவார். குழந்தையும் அதைத் தன் உண்மையான பெயர் மாதிரியே ஏற்றுக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை பதினெட்டுப் பிள்ளைகளும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரடிக் கூண்டின் முன்னால் நின்றார்கள். பாறை மாதிரி வண்ணம் பூசிய சிமெண்டுச் சுவர். தொங்கும் டயர் ஒன்று. தண்ணீர்த் தொட்டி. சுவரோரமாக மண்ணில் ஒரு தடம் விழுந்திருந்தது. புல் முளைக்காத, வழவழப்பான தடம். கரடி அந்தத் தடத்தில் நடந்தது. முனைக்கு வந்ததும் தலையை மேலே தூக்கி ஒரு வளைவு வளைத்துத் திரும்பியது. மறு முனையிலும் அதே தூக்கல், அதே வளைவு.*

ஒருங்கிணைப்பாளர் கை தட்டினார். "பாருங்க பாருங்க, கரடி டான்ஸ் ஆடுது!" பிள்ளைகளும் கை தட்டினார்கள். டீச்சர் தட்டவில்லை. தட்டாமல் இருந்ததைத் தவிர அவள் வேறொன்றும் செய்யவில்லை.

வக்கீல் கயிற்றை விட்டுவிட்டுக் கம்பியோரம் போய் நின்று, விரலை நீட்டி நீட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த மாதம்தான் பத்து வரை எண்ணப் படித்திருந்தார்கள். எட்டோடு நிறுத்தினாள். மறுபடி ஒன்றிலிருந்து. மறுபடி எட்டு. முகம் சுருங்கியது.

"ஒன்பது வரவே மாட்டேங்குது மிஸ்."

டீச்சர் குனிந்து, என்ன என்று கேட்டாள்.

"எட்டு நடக்குது, திரும்புது. மறுபடி எட்டு நடக்குது, திரும்புது. ஒன்பது போடவே இல்ல. அதுக்கு ஒன்பது தெரியாதா மிஸ், இல்ல இடம் பத்தலையா?"

[இங்கே டீச்சர் அழுதாள் என்று எழுதியிருந்தேன். அழவில்லை. ஒருவன் வாந்தி எடுத்துவிட்டான். ஓடினாள்.]

* பட்டம் இங்கேதான் தேவைப்படுகிறது. அடைத்து வைத்த விலங்கு ஒரே அசைவை ஓயாமல் திரும்பச் செய்வதைப் பற்றி அவள் பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம் இருந்தது. அதில் மகிழ்ச்சி என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. அந்த அரைப் பக்கத்தைத் தேர்வில் பிழையில்லாமல் எழுதியவள், படிவத்தில் "மகிழ்ச்சியாக ஆடியது" என்று எழுதிக் கொடுத்திருந்தாள். எனக்கு வரும் கோபத்தில் பாதி அவள் பங்கு.

5

வியாழக்கிழமை பதினேழு கரடிகள் பாட்டுக்கு இடுப்பை ஆட்டின. பதினெட்டாவது கரடி சுவரோரமாக எட்டு எட்டு வைத்து, தலையைத் தூக்கி, வளைத்து, திரும்பியது. வக்கீல் அதை அச்சு அசலாகச் செய்தாள். ஒருங்கிணைப்பாளர் செல்போனைச் சற்றே திருப்பி, அவள் படத்தில் விழாமல் பார்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மதிப்பீட்டை ஒருங்கிணைப்பாளரே எடுத்தார். சரியான விடைக்கு, பிள்ளையின் பெயருக்கு நேரே உள்ள வட்டத்தில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவார்கள். மூன்றாவது கேள்விக்கு வக்கீல் எழுந்து நின்று, புதன்கிழமை சொன்னதையே சொன்னாள்: எட்டு நடந்துச்சு, திரும்புச்சு, ஒன்பது போடல. ஒருங்கிணைப்பாளர் பொறுமையாக இன்னொரு தடவை கேட்டார். குழந்தையும் பொறுமையாக இன்னொரு தடவை சொன்னாள். நட்சத்திரம் இல்லை.

இது அவளுடைய மூன்றாவது வெற்று வட்டம். [முதலிரண்டைப் பற்றி விவரமாக எழுதினால் கதை நீளும். ஒன்றுமட்டும்: 'ம' வாரத்தில், மீன் என்ன செய்கிறது என்று கேட்டதற்கு, "பேச வருது, ஆனா பேச்சு வரல" என்றாள்.] மூன்று வட்டம் வெற்றாக இருந்தால் வீட்டுக்குக் கடிதம் போகும். பிள்ளைக்கு வகுப்பு எட்டவில்லை, கீழ்த்தளத்தில் இரண்டரை வயதுப் பிள்ளைகளோடு மாற்றுகிறோம் என்று. அச்சடித்த கடிதம். பெயரும் வகுப்பாசிரியரின் கையெழுத்தும்தான் பாக்கி. குழந்தையின் அப்பா, அச்சில் வந்ததை அப்படியே நம்பிவிடுகிற மனிதர். சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டால்கூடப் பத்துத் தடவை மன்னிப்புக் கேட்பவர்.

"மேடம், அது—" என்றாள் டீச்சர்.

"எனக்குப் புரியுதும்மா. பாவமாத்தான் இருக்கு. ஆனா கவனித்தவை கட்டத்துல நீங்களே என்ன எழுதியிருக்கீங்கன்னு பாருங்க. பதினேழு பேருக்குப் புரிஞ்சது அவளுக்கு மட்டும் புரியலையே. திங்கக்கிழமை பத்து மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

"ஆனா மேடம், கரடி—"

அந்த வாக்கியம் அங்கேயே நிற்கிறது. நான் முடித்துவைக்கவில்லை. அவளும் முடிக்கவில்லை.

6

முடித்துவைத்த வரைவு ஒன்று இருந்தது. அதில் டீச்சர் எழுந்து நின்று ஒன்றரைப் பக்கம் பேசுவாள். பார்க்காததைப் பார்த்ததாக எழுதிவிட்டு, பார்த்ததைப் பார்த்தபடி சொன்ன குழந்தைக்குத் தண்டனையா என்பாள். இந்தப் பள்ளியில் உண்மையாகக் கவனித்தவள் ஒருத்திதான், அவளைத்தான் கீழே அனுப்புகிறீர்கள் என்பாள். ஆயா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு கேட்பார். ஒருங்கிணைப்பாளர் வெலவெலத்துப் போவார்.

அக்கா படித்தாள். எங்கள் வீட்டில் கதை படிக்கிற ஒரே ஆள் அவள்தான்.

"ஏண்டி, இதையெல்லாம் நீ எப்ப பேசின?"

நான் அல்ல, டீச்சர் பேசுகிறாள் என்றேன்.

"ஆமா, ரெண்டு பேரும் வேற வேற ஆளு பாரு. ஒரே சுடிதார்தான் வெவ்வேற நாள்ல போட்டுக்கறீங்க."

ஒன்றரைப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

ஒருங்கிணைப்பாளரைப் பற்றியும் அக்கா ஒன்று கேட்டாள்: இந்த அம்மாவுக்கு நல்ல குணமே கிடையாதா? கிடையாது என்றுதான் எழுதியிருந்தேன். மூக்கை நீட்டி, குரலைக் கீச்சென்று ஆக்கியிருந்தேன். உண்மையில் புதன்கிழமை வாந்தி எடுத்த பையனைத் திரும்பி வரும் வழியெல்லாம் மடியில் வைத்திருந்தவர் அவர்தான். சேலை முழுவதும் நாற்றம். ஒரு வார்த்தை சலித்துக்கொள்ளவில்லை. மூக்கைப் பழைய அளவுக்கே குறைத்துவிட்டேன். அதனால் கோபம் தணிந்தது என்று எண்ண வேண்டாம். இத்தனை நல்ல மனுஷி, ஒரு காகிதத்தில் முன்கூட்டியே எழுதியிருக்கிறது என்பதற்காக, கண்ணெதிரே நின்று எண்ணிய குழந்தையை நம்பவில்லையே. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு திட்டோடு முடிந்திருக்கும்.

7

சனிக்கிழமை டீச்சர் மறுபடி மிருகக்காட்சிசாலைக்குப் போனாள். சரி. நான் போனேன். அக்காவும் வந்தாள், வழியெல்லாம் கிண்டல் செய்துகொண்டு. "கரடிக்கு முடி ஒட்டின கை, அடுத்தது சிக்கெடுக்கவா?"

நோட்டுப் புத்தகமும் கடிகாரமும் கொண்டு போயிருந்தேன். இருபது நிமிடம். நூற்றுப் பன்னிரண்டு தடவை கரடி திரும்பியது. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போட்டேன். ஏழாவது எட்டிலேயே திரும்பியது நான்கு முறை. மற்றதெல்லாம் எட்டு. ஒன்பது ஒரு முறைகூட இல்லை.

அக்கா முதலில் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் உதடும் அசைய ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் கிண்டல் நின்றுவிட்டது.

"நிஜமாவே ஒன்பது இல்லடி," என்றாள்.

8

இப்போது முடிவு.

ஒரு முடிவில், திங்கட்கிழமை காலை டீச்சர் நோட்டுப் புத்தகத்தை மேசையில் வைக்கிறாள். ஒருங்கிணைப்பாளர் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு நட்சத்திரத் தாளை எடுக்கிறார். இது அக்காவுக்குப் பிடித்த முடிவு.

இன்னொன்றில், நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பேனாவை நீட்டுகிறார்கள். அவள் கையெழுத்துப் போடுகிறாள். வக்கீல் தன் பையைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்குகிறாள், ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு, எட்டு வந்ததும்— [வேண்டாம்.]

மூன்றாவது முடிவில் ஆயா கடிதத்தைக் குப்பையோடு சேர்த்துப் பெருக்கிவிடுகிறார். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் கோழைத்தனத்தைக் கழுவ ஆயாவைக் கூப்பிடுவது அநியாயம்.

மூன்றையும் எழுதிப் பார்த்தபின்தான் நான் செய்துகொண்டிருப்பது என்னவென்று உறைத்தது. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை பத்து மணி இன்னும் வரவில்லை. வராத ஒன்றை இப்படி நடந்தது என்று எழுதுவது ஐந்தாவது கட்டத்தை நிரப்புவதுதான். ஒரு தடவை நிரப்பியதற்கே ஒரு குழந்தை நட்சத்திரத்தை இழந்து நிற்கிறாள். நான் எழுத மாட்டேன்.

நடந்து முடிந்ததை மட்டும் சொல்கிறேன். புதுப் படிவம் ஒன்று எடுத்தேன். முதல் நான்கு கட்டங்களைப் பழையபடியே நிரப்பினேன். ஆறாவது, ஐந்தாவதைப் பார்த்துத்தான். கையெழுத்துப் போடவில்லை. ஐந்தாவது கட்டத்தைக் கீழே அப்படியே விட்டிருக்கிறேன், உங்களுக்காக. உங்களுக்கும் கை துறுதுறுக்கலாம். பொறுங்கள். மிருகக்காட்சிசாலை செவ்வாய் தவிர எல்லா நாளும் திறந்திருக்கும். வாசலிலிருந்து இடது பக்கம், மூன்றாவது கூண்டு. கம்பியோரம் நின்று நீங்களே எண்ணுங்கள். ஒன்பது வந்தால் ஆடியது என்று எழுதுங்கள். வராவிட்டால், முதலில் எண்ணியவள் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

குழந்தைகள் கவனித்தவை: